தென்சினின் பல் பட்ட தழும்பு

ஆக்லாந்து விமான நிலையத்துக்குள்ளேயே வெள்ளம் நின்ற வருஷம் நான் தடி பிடித்து நடக்கத் தொடங்கினேன். அதற்கு மூன்றாம் வருஷம் தென்சின் செத்துப்போனான். கிளென்ஃபீல்ட் கடைத்தொகுதியில் வாங்கில் குந்தியிருந்தபோது அவன் மகள் போனில் சொன்னாள். அழாமல் வரச் சொன்னாள். அழுகிறவரின் கண்ணீர் போகிறவர்மேல் இரத்தமும் சீழுமாக ஆலங்கட்டி மழைபோல் கொட்டும் என்பது திபெத்தியர் நம்பிக்கை.

இறைச்சித் தொழிற்சாலையில் அவன் என் பக்கத்து மேசைக்காரன். இந்தியாவில் அகதியாக வளர்ந்து, சேலத்தில் ஸ்வெட்டர் விற்றுப் பழகிய தமிழ். எலும்பு வேறு சதை வேறாக அவன் ஆட்டைப் பிரிக்கும் வேகத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். “கைக்கு எங்கப்பா ஞாபகம் அண்ணே” என்பான். அப்பா திபெத்தில் பிணம் அறுப்பவர்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டில், யாருக்கும் சொல்லாததை அவனுக்குச் சொன்னேன். ஊரில் சண்டை நடந்தபோது செல் குண்டு விழுந்து வயிறு கிழிந்து செத்த என் தம்பியைப் பனை வடலிக்குள் போட்டுவிட்டு ஓடினேன். மூன்றாம் நாள் திரும்பிப் போனால், காகமும் நாயும் மிச்சம் வைக்கவில்லை. தம்பி மனைவி சிவகாமியிடம் “புதைச்சிட்டன்” என்று சொல்லிவிட்டேன்.

தென்சின் தேநீரைக் கீழே வைத்தான். “நல்ல சாவு அண்ணே.”

வாயில் குத்தினேன். முன்பல் முறிந்து என் கைவிரல் மொளியைக் கிழித்து எங்கோ விழுந்தது. “என்ர தம்பியைப் பகிடி பண்ணுறியோடா, நாயே!” மறுபடியும் குத்தினேன். அவன் திருப்பி அடிக்கவில்லை. இரத்தத்தைத் துப்பினான்.

“முதல்ல பல்லைத் தேடுண்ணே. அப்புறம் அடி.”

மேற்பார்வையாளரிடம் வழுக்கி விழுந்ததாகச் சொன்னான். பிறகு எனக்கு விளக்கினான். பிணத்தைப் பாறையில் குப்புறக் கிடத்தி அப்பா முதுகைக் கீறுவார். கழுகுகள் இறங்கும். மிஞ்சிய எலும்பையும் மண்டையையும் சம்மட்டியால் நொறுக்கி, வாற்கோதுமை மாவில் பிசைந்து வைப்பார்.

“ஒரு துண்டு மிஞ்சினாத்தான் எங்களுக்குக் கவலை. கடைசியா கொடுக்க உடம்புதானே இருக்கு? உன் தம்பி முழுசா கொடுத்துட்டான். அவன் பொண்டாட்டிகிட்ட நீ பொய் சொன்னதுதான் தப்பு.”

“அவளிட்ட எப்பிடியடா சொல்லுறது?”

“என்கிட்ட சொன்ன மாதிரிதான். அடிச்சா வாங்கிக்கோ. நான் வாங்கலையா?”

மகள் போன் எடுத்த அன்றிலிருந்து அவன் உடலை மூன்று நாள் யாரும் தொடவில்லை. பிறகு லாமா வந்து, உயிர் உச்சிவழியாகப் போகட்டும் என்று உச்சி மயிரைப் பிடித்து இழுத்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். வாயெல்லாம் இரத்தம், அழவில்லை. இங்கே கழுகு இல்லை; தகனச்சாலைதான். நாற்பத்தொன்பது நாள் அவன் பெயரைச் சொல்லக்கூடாது என்றார்கள். நேற்றோடு முடிந்தது. தென்சின்.

தம்பி மனைவியிடம் சொல்லிவிட்டாயா என்று இருபது வருஷமாக அவன் கேட்கும்போதெல்லாம் “ஓம், சொல்லுறன்” என்று தட்டிக் கழித்தேன். அவனிடமிருந்து என்னோடு இருப்பது மொளியில் வெள்ளையாய் நிற்கும் அந்தத் தழும்பு. எனக்கு எழுத்து வராது. நான் சொல்ல என் மகள் எழுதுகிறாள். இந்தத் தாளை நாளை ஹில்ஸ்பரோவில் இருக்கும் தம்பி மனைவியிடம் கொண்டுபோய் நீட்டுவேன். வாசித்து முடியுமட்டும் கைக்கெட்டும் தூரத்திலேயே நிற்பேன். தம்பிக்கென்று என்னைத் தவிர இனி உயிரோடு இருப்பது அவள் ஒருத்திதான், சிவகாமி.