கிரீமக்கா சாப்பிட்ட பொடி

கேக்கின் மேல் கிரீம் பூ சுற்றிக்கொண்டிருந்த கை நடுங்கியது. இருபத்தாறு வருடமாக அந்தப் பேக்கரியில் பூச்சுற்றும் கை. இதழ் கோணியது. வழித்தெடுத்துவிட்டு மறுபடி சுற்றினாள், மறுபடியும் கோணல்.

கடையில் எல்லோருக்கும் அவள் கிரீமக்கா. சுகர் வந்தபிறகும் விரலில் ஒட்டுவதை நக்கும் பழக்கம் போகவில்லை. மாத்திரை போட்டும் அளவு இறங்காததால், யாரோ சொன்ன சர்க்கரைக்கொல்லிப் பொடியை இரண்டு மாதமாகக் காலையும் மதியமும் நாக்கில் போட்டுச் சப்பினாள். விரலை நக்கினால் கிரீம் இனிக்காமல் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது. பசியும் போயிற்று, சுகரும் இறங்கியது.

"ராஜாத்தி மாதிரி ஆயிட்டேன் பாத்தீங்களா?" என்றாள், ரொட்டி அடுப்பில் நிற்கும் கணவரிடம்.

"ராஜாத்திக்குக் கன்னம் ஒட்டிப் போச்சு. ரெண்டு வாய் சாப்பிடுடி."

பொடியைப் பற்றி டாக்டரிடம் சொல்லவில்லை. மாத்திரை பழைய அளவிலேயே ஓடியது.

பூ கோணிய அன்று காலை மாத்திரையும் பொடியும் போட்டிருந்தாள், ஆனால் வெறும் வயிறு. வேர்த்து ஊற்றி, சுவரில் சாய்ந்தாள். சுகர் தாழ்ந்தால் உடனே சர்க்கரை கொடுக்கணும் என்று முன்பு நர்ஸ் சொல்லியிருந்தார். கணவர் ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டார். துப்பினாள்.

"மண்ண அள்ளிப் போடுறீங்களே, மனுசனா நீங்க?"

"சக்கரைடி. முழுங்கு."

"எனக்குத் தெரியாத சக்கரையா? போங்க அந்தப் பக்கம். தூங்கணும்."

நாலு பேர் முன்னால் அவள் அப்படிக் கத்தியதே இல்லை. அவருக்குச் சுருக்கென்றது. திட்டத் தெம்பிருக்கிறதே, படுத்தால் சரியாகும் என்று மாவு மூட்டைகளின் பக்கம் படுக்கவைத்து, அடுப்புக்குத் திரும்பினார். மூன்று ஈடு ரொட்டி இறக்கிவிட்டு வந்து எழுப்பினார். எழவில்லை.

ஆஸ்பத்திரியில் அவர் நடந்ததைச் சொன்னதும் டாக்டரம்மா கேட்டார்: "மாத்திரையோட வேற மருந்து ஏதாவது?"

"மருந்தெல்லாம் இல்லம்மா. இலைப்பொடிதான்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அதுவும் சுகர இறக்கும். அது நாக்குல இருந்தா சக்கரை இனிக்காது. அவங்களுக்கு மண்ணாத்தான் இருந்திருக்கும். சுகர் அவ்வளவு தாழ்ந்தா கோபமும் வரும், தூக்கமும் வரும். நீங்க விட்டிருக்கக் கூடாது."

குளுக்கோஸ் ஏற்றினார்கள். அளவு ஏறியது, கண் திறக்கவில்லை. பொழுது சாயும்போது மூச்சு நின்றது.

மறுநாள் காலை அவள் தங்கை அழுதுகொண்டே வந்தாள். அவளுக்கும் சுகர்.

"மாத்திரை போட்டியா?" என்று கேட்டார்.

"போட்டேன் மாமா. அக்கா குடுத்த பொடியும் போட்டேன்."

"சாப்பிட்டியா?"

"எப்படி மாமா இறங்கும்?"

அவர் எழுந்து போய் டீ போட்டார். மூன்று கரண்டி சர்க்கரை போட்டு, இரண்டு துண்டு ரொட்டியோடு கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார்.

"இனிக்காது. இருந்தாலும் குடி."

டம்ளர் காலியாகும்வரை பக்கத்திலேயே நின்றார்.