கோதுமை வயலில் ஒன்று

கல்லறைத் திருநாளுக்கு அப்பா நான்கு மெழுகுவர்த்தி வாங்குவார். எங்கள் குடும்பத்துக்கு இருப்பதோ மூன்று கல்லறைகள்: அவரைப் பெற்றவர்கள் இருவர், அப்புறம் என் அம்மா. நான்காவதை மதில் ஓரத்து வெறும் மண்ணில் ஏற்றிவைப்பார். நினைக்க ஆளில்லாத ஆன்மாக்களுக்கு ஒன்று ஏற்றுவது எங்களில் பலரும் செய்வதுதான். அதனால் நான் எதுவும் கேட்டதில்லை.

போன வருடம் கேட்டேன். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. காக்ஸ் டவுனிலிருந்து ஆட்டோவில் கூட்டி வந்திருந்தேன். காலையிலிருந்தே தூறல், மதில் ஓரமெல்லாம் சேறு. வழுக்கி விழுந்தால் யார் பார்ப்பது என்ற எரிச்சலில், இது யாருக்கு, மற்றவர்களோடு சேர்த்தே வைத்தால் ஆகாதா என்று சிடுசிடுத்தேன்.

"யாருன்னு தெரியாதும்மா. அப்படி ஒருத்தர் இல்லாமலே கூட இருக்கலாம்," என்றார்.

பிறகு குடையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னார். பங்களாதேஷ் பிறந்த போர் அது. நான் பள்ளியில் ஒவ்வொரு வருடமும் நடத்தும் பாடம். காரணங்கள், விளைவுகள், ஐந்து மதிப்பெண். அப்பா அந்தப் போரில் ஒருவரையும் சுடவில்லை. பஞ்சாப் எல்லையில், விதைத்திருந்த கோதுமை வயல்களில் கண்ணிவெடி புதைத்தார். எந்த வரிசையில் எத்தனை என்று தாளில் குறித்துக்கொள்வார்கள். போர் முடிந்ததும் அதே தாளை வைத்துக்கொண்டு, மண்டியிட்டு, கம்பியால் மண்ணைக் குத்திக் குத்தி, புதைத்த அத்தனையையும் எடுத்துவிட வேண்டும்.

அப்பாவின் வரிசையில் ஒன்று கிடைக்கவில்லை. மூன்று நாள் தேடினார்கள். புதைக்கும்போது எண்ணியதில் பிழையா, மழையில் நகர்ந்துவிட்டதா, தெரியவில்லை. சில நேரம் நாய் மிதித்தும் வெடித்துவிடும். அப்படி எழுதி வரிசையை முடித்துவிடலாம். ஆனால் வெடித்த குழியைப் பார்த்த பிறகே எழுத வேண்டும். அப்பா குழியைப் பார்க்காமலே எழுதினார். கையெழுத்தும் போட்டார்.

வயலின் சொந்தக்காரர் வரப்பில் மாடுகளோடு காத்துக்கொண்டிருந்தாராம். இறங்கலாமா என்று சைகையால் கேட்டிருக்கிறார். அப்பா இறங்கலாம் என்று தலையை ஆட்டிவிட்டு ரயிலேறிவிட்டார்.

சின்ன வயதில், வீட்டுக்கு எதிரே இருந்த காலி மனையில் எல்லாப் பிள்ளைகளும் ஆடும்போது எங்களை மட்டும் அவர் இறங்கவிட்டதே இல்லை. ஒருமுறை பந்தெடுக்கப் போன என்னைக் கை வீங்கும்படி அடித்தார். அந்தக் கோபம் எனக்குள் ஐம்பது வயதுவரை இருந்தது. தினமும் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு பேப்பரில் எல்லைப்பக்கத்துத் துண்டுச் செய்திகளைத் தேடுவார். பட்டாளத்துக்காரருக்கு ஊர் நியாயம் என்று நாங்கள் கேலி செய்வோம்.

ஒன்றும் ஆகியிருக்காது, மண்ணிலேயே மக்கிப்போயிருக்கும் என்றேன். யாரிடமாவது சொல்லியிருக்கலாமே என்றும் கேட்டேன். ரயிலிலேயே எழுத நினைத்தாராம், வீட்டுக்கு வந்த பிறகும் நினைத்தாராம். பொய்க் கையெழுத்துக்கு வேலை போய்விடும் என்று பயந்து எழுதவில்லை. வருடங்கள் போகப் போக, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று ஆகிவிட்டது.

"அப்படி என்னப்பா அவசரம்? இன்னும் ரெண்டு நாள் தேடியிருக்கலாமே?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "வரிசை முடிஞ்சாத்தான் லீவு. தந்தி வந்து கிடந்துச்சு. நீ பொறந்திருந்த."

தூறல் வலுத்தது. வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். நான் அவர் முழங்கையைப் பிடித்துச் சேற்றைத் தாண்டவைத்தேன். நடந்துகொண்டே, தனக்குத்தானே பேசுவதுபோல மெல்லச் சொன்னார்:

"இப்ப கேட்டாலும் கையெழுத்துப் போட்டுட்டு வந்துருவேன்மா. அதான், இனிமே செய்யமாட்டேன்னு சாமியார்கிட்ட சொல்ற பாவசங்கீர்த்தனத்துல கூட என்னால இதைச் சொல்ல முடியலை."