செக்கெண்ணெய் குடிச்ச டில்லர்

தோட்டத்துக்காரர் சுப்பண்ணன் மேல எனக்குப் பல வருசக் கோவம். மனுசன் போய்ச் சேர்ந்துட்டார், கோவம் போகலை. ஒரு தடவையாவது ‘தர மாட்டேன்’னு வாயைத் திறந்து சொல்லியிருந்தா பொற்கொடி வேற வழி பாத்திருக்கும். கேக்கும்போதெல்லாம், “இருக்கட்டும் அம்மணி, பாத்துக்கலாம்”னு சிரிச்சுக்கிட்டே அனுப்பி வெச்சார். இப்பப் பொற்கொடியும் இல்லை.

பொற்கொடி கேட்டது அவர் கொட்டாயில கிடந்த, கையால புடிச்சு உழற சின்ன டில்லரை. ஜப்பான் வண்டி. கயிறு சுத்தி இழுத்துக் கிளப்பணும். கத்திரிச் செடிக்கு நடுவால கூட ஓடும். வெள்ளகோவில் பக்கத்துல அப்படி இன்னொண்ணை நான் பாத்ததில்லை. ஆம்பளைங்க, “இதென்ன பொம்மையா?”ன்னு நக்கலடிச்சு ஒதுங்கினப்போ, கூலிக்கு வந்த பொற்கொடிதான் கைப்பிடியைப் புடிச்சுது. “பொம்மைன்னா நான் வெளையாடிக்கறேன், நீங்க போய் மம்முட்டி புடிங்க”ன்னுச்சாம். பெரிய டிராக்டர் வந்ததும் சுப்பண்ணன் அதை மூடிப் போட்டுட்டார். பொற்கொடி பஞ்சு மில்லுக்குப் போயிருச்சு.

புருசன் இல்லாம மக கிருபாவை வளத்து, பட்டா கிடைச்ச துண்டு நிலத்துல ஊடு கட்டுச்சு. பின்னால கொஞ்சம் எடம். அதைத் தன் கையால, அந்த வண்டியால உழணும். வேற ஆசை இருந்ததா எனக்குத் தெரியலை.

“புது வண்டி வாடகைக்கு வருமே அம்மணி”ன்னு நானே சொன்னேன்.

“அது வந்தா டிரைவரும் வருவானுங்கண்ணா. எங்காட்டுல நான் வேடிக்கை பாக்கவா?”

போன வருசம் சுப்பண்ணன் மகன் மனோஜ்குமார் கொட்டாயைப் பிரிச்சப்போ, “எடுத்துக்கங்கக்கா”ன்னுட்டான். என் ஒர்க்சாப்புல இறக்கித் திறந்தேன். உள்ள தார் மாதிரி. கெட்டுப்போன எண்ணெய் நாத்தம். பிஸ்டன் அசையலை.

“அப்பா பத்திரமாத்தான் வெச்சிருந்தாருங்க. ஆயுத பூசைக்கு ஆயுத பூசை பொட்டு வெச்சு, நம்ம செக்குல ஆட்டின தேங்காயெண்ணெயை இஞ்சின்ல ஊத்துவாரு”ன்னான்.

தலைக்குத் தேய்க்கறதை இஞ்சினுக்கு ஊத்தியிருக்கார். பாசத்துலதான். அதுக்காக என் கோவம் கொறையலை.

டீசல்ல ஊறப் போட்டு, மரக்கட்டை வெச்சுத் தட்டித் தட்டி பிஸ்டனை உருவினேன். ரிங்கு எங்கயும் கிடைக்கலை. போத்தனூர்ல ஒரு லேத்துக்காரரைக் கெஞ்சிக் கடைஞ்சு வாங்கினேன். பொற்கொடி வந்து சாக்கு மேல உக்காந்துக்கும். மில்லுப் பஞ்சுல நெஞ்சு கெட்டிருந்தது. பேச ஆரம்பிச்சா இருமல்.

இஞ்சினைக் காட்டி, “ஏனுங்கண்ணா, அவ மூச்சு உட்டாளா?”ன்னு கேக்கும்.

“நீ மொதல்ல ஒழுங்கா மூச்சு உடு.”

“ரெண்டு பேருல யாரு முந்தறோம்னு பாக்கலாமுங்க.”

ஸ்பேனரைக் கீழ எறிஞ்சு திட்டினேன். அது சிரிச்சுது.

இஞ்சின் கிளம்பின அன்னிக்குப் பொற்கொடி கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில. கிருபாவுக்குப் போன் போட்டு, அம்மா காதுல வெக்கச் சொல்லி, என் போனை சைலன்சர் கிட்டப் புடிச்சேன். நல்லா சீரா ஓடுச்சு. எடுத்து என் காதுல வெச்சா, அந்தப் பக்கம் இரைப்பு மட்டும். அப்பறம் மெல்லப் பேசுச்சு.

“ஆப் பண்ணிராதீங்கண்ணா. அப்படியே எங்கூட்டுக்குப் பின்னால ஓட்டீட்டுப் போய் உழுதுபோடுங்க. நான் வந்து கொத்தமல்லி வெதைச்சுக்கறேன்.”