நான் மாற்றிச் சொன்ன ஒரு சொல்

யுத்தம் முடிந்த மறு வருஷம். ராயப்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் உருது, தெருவில் தமிழ், படித்தது இங்கிலீஷ். இந்த மூன்றும் சேர்ந்து ஒருநாள் என்னைக் கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்தும் என்று நினைத்ததேயில்லை.

பக்கத்துத் தெருவில் ஒரு தையல்காரர் குடும்பம். அவர்களுடைய எட்டு வயது மகளிடம், மாடியில் இருந்த வீட்டுச் சொந்தக்காரர் தகாத முறையில் நடந்துகொண்டார் என்பது வழக்கு. தெருவே எழுந்து நின்று வணங்கும் மனிதர் அவர். முதல் விசாரணையில், மொழிபெயர்க்க வந்த பெரிய மீசைக்காரரைப் பார்த்ததுமே குழந்தை வாயை மூடிக்கொண்டுவிட்டாள். அவளுக்கு உருது மட்டும்தான் நன்றாக வரும். அதனால் பெரிய கோர்ட்டில் விசாரணை வந்தபோது ஒரு பெண்ணைத் தேடி, என்னைக் கூப்பிட்டார்கள்.

டிராமில் போகும்போது அவளுடைய அம்மா என் காதருகே குனிந்து கேட்டாள்: "டீச்சரம்மா, கொழந்த சொல்றத கோர்ட்ல நம்புவாங்களா? அந்தாளுக்கு எம்மாம் பெரிய வக்கீலு கீறாரு, பாத்தியா?"

எனக்கும் அதே கேள்விதான். உண்மையைச் சொன்னால், பயத்தைவிட அதைத் தெரிந்துகொள்ளும் ஆவல்தான் எனக்கு அதிகமாக இருந்தது.

ஜட்ஜ் வெள்ளைக்காரர். எடுத்தவுடன் சம்பவத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. எந்த வகுப்பு, எத்தனை தம்பிகள் என்று கேட்டார். பிறகு, "பொய் சொன்னால் என்ன ஆகும்?" என்றார். குழந்தை கொஞ்சம் யோசித்தாள். "அம்மா சோறு போடறப்போ என் மூஞ்சியப் பாக்க மாட்டாங்க" என்றாள். அதை நான் இங்கிலீஷில் சொன்னதும் அவர் நிதானமாக எழுதிக்கொண்டார். சத்தியப் பிரமாணம் என்றால் என்னவென்று அவளுக்குப் புரியவில்லை. அதனால் பிரமாணம் இல்லாமலே அவள் சாட்சியைக் கேட்கலாம் என்றார். சட்டத்தில் இப்படியும் ஓர் இடம் இருக்கிறதா என்று எனக்கு ஆச்சரியம்.

பிறகு சர்க்கார் வக்கீல் நடந்ததைக் கேட்டார். அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, எட்டு வயதுக்குத் தெரிந்த சொற்களில் எல்லாவற்றையும் சொன்னாள். வீட்டுக்காரர் தன் வாயைப் பொத்தியதையும், தான் அவர் விரலைக் கடித்ததையும் சொன்னாள். நடுவில் ஒரு வாக்கியம். அத்தனை ஆண்கள் முன்னால் அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "என் மானத்தைக் கெடுத்தார்" என்று இங்கிலீஷில் நாகரிகமாக மாற்றிவிட்டேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் சட்டென்று எழுந்தார். "எட்டு வயதுக் குழந்தைக்கு மானம் என்ற சொல் எப்படித் தெரியும்? யாரோ சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்திருக்கிறார்கள்!" தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருந்த ஜூரிகளில் இரண்டு பேர் ஆமோதித்துத் தலையை ஆட்டினார்கள்.

பேசாமல் இருந்தால் என் தவறு யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் குழந்தை பொய்க்காரி ஆகிவிடுவாள்.

"அது அவள் சொன்ன சொல் இல்லை. நான் போட்டது" என்றேன்.

ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, எனக்குக் குழந்தையின் பேச்சு வேண்டும், உங்கள் மரியாதை வேண்டாம்" என்றார். மறுபடியும் அவளைச் சொல்லச் சொன்னார்கள். இந்த முறை ஒரு சொல்லைக்கூட விடாமல், கூட்டாமல் சொன்னேன். அவ்வளவு எளிய சொற்களை ஒரு குழந்தைக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது என்பது எல்லோருக்குமே புரிந்திருக்க வேண்டும்.

குழந்தையின் சாட்சிக்குத் துணையாக வேறு என்ன இருக்கிறது என்று பார்ப்பது நல்லது என்று ஜட்ஜ் ஜூரிகளிடம் விளக்கினார். சம்பவம் நடந்த அன்று சாயங்காலமே குழந்தை அம்மாவிடம் சொன்னது, டாக்டரின் குறிப்பு, அந்த மனிதரின் விரலில் இருந்த பல் தடம் எல்லாம் இருந்தன. ஜூரிகள் உள்ளே போய்ச் சீக்கிரமே திரும்பினார்கள். குற்றவாளி என்றார்கள்.

ஊரில் மதிப்புள்ளவர், குடும்பஸ்தர், தண்டனையைக் குறைக்க வேண்டும் என்று அவருடைய வக்கீல் கெஞ்சினார். "அந்த மதிப்பை நம்பித்தானே குழந்தையை மாடிக்கு அனுப்பினார்கள்? அதைக் காட்டியே நான் எப்படிக் குறைப்பது?" என்று கேட்ட ஜட்ஜ், ஐந்து வருஷம் கடுங்காவல் கொடுத்தார். அது போதுமா, அதிகமா என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை.

வெளியே வராந்தாவில் குழந்தை என்னிடம் கேட்டாள்: "டீச்சர், ரெண்டாவது வாட்டி ஏன் வேற மாதிரி சொன்னீங்க?" இங்கிலீஷில் ஓர் எழுத்துகூடத் தெரியாதவள், வித்தியாசத்தை மட்டும் கவனித்திருக்கிறாள்.

"மொத வாட்டி தப்பாச் சொல்லிட்டேன், கண்ணு" என்றேன். சரி என்பதுபோல் தலையசைத்துவிட்டு அம்மாவிடம் ஓடினாள்.

குழந்தைகளின் பேச்சைத் திருத்தித்தான் முப்பது வருஷம் சம்பளம் வாங்கினேன். ஆனாலும் அன்றைக்குப் பிறகு, ஒரு குழந்தை தயங்கித் தயங்கி எதையாவது சொல்ல வந்தால், அவள் முடிக்கும் வரை நான் ஒரு சொல்லையும் திருத்தியதில்லை.