நாங்கள் மடியேந்தாத வாசல்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாரிவாக்கத்தில் குடியிருந்தோம். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்ற, பெண்கள் நாங்கள் வீடு வீடாகப் போய் மடியேந்திக் கேழ்வரகு வாங்கி வருவது வழக்கம். ஏரிக்கரைக் குடிசைகளுக்கு மட்டும் போக மாட்டோம். கூலி வேலை செய்து அரை வயிறு சாப்பிடுகிறவர்கள், அவர்களிடம் போய் என்ன கேட்பது என்று ஓர் இரக்கம்.

ஒரு ஆடியில் கூழ் வாங்க வந்த குடிசைப் பெண் ஒருத்தி, தூக்குவாளியை நீட்டிக்கொண்டே சொன்னாள்.

"இன்னிக்கி நீங்க ஊத்துறீங்க, குடிச்சிக்கிறோம். நாளிக்கி இன்னாக்கா பண்றது? ஒரு ரேசன் கார்டு இருந்தா நாங்களே பொங்கித் துன்னுவோம்."

வெட்கமாக இருந்தது. அம்மன் பேரைச் சொல்லி வருஷத்துக்கு ஒரு நாள் ஊற்றிவிட்டு, புண்ணியம் சேர்ந்ததாக நினைத்துக்கொண்டிருந்தோம். கூழ் ஊற்றும் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து, கோயில் பேரிலேயே அவர்களுக்குக் கார்டு கேட்டு மனு எழுதினோம். பிறகு அலைச்சல்தான். கரையான்சாவடியில் பஸ் பிடித்து, தாலுகா ஆபீஸ் மரப் பெஞ்சில் காத்திருந்து, 'அடுத்த வாரம் வாங்க' என்பதையே கேட்டுத் திரும்பித் திரும்பியே செருப்பு தேய்ந்தது. உனக்கு வேறு வேலை இல்லையா என்றார்கள் வீட்டில். எனக்கே அப்படித்தான் தோன்றியது.

ஒரு வழியாக விசாரணைக்கு அதிகாரி வந்தார். இவர்கள் இந்த ஊரிலேயே இருப்பவர்களா, வேலைக்கு வந்து போகிறவர்களா, ஊர்க் காரியத்துக்கு இவர்களிடமும் வாங்குவதுண்டா என்று என்னிடம் கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன்.

"ஐயோ, இவங்ககிட்டப் போய் வாங்குவோமா சார்? நாங்கதான் இவங்களுக்கு ஊத்துறோம்."

அவர் தலையாட்டி ஏதோ எழுதிக்கொண்டார். நிலையாகக் குடியிருப்பவர்களாகத் தெரியவில்லை என்று மனு திரும்பி வந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் அடுத்தவர்களைக் கெடுத்தேன்.

அந்தப் பெண்ணிடம் போய் நடந்ததைச் சொல்லி அழுதேன். அவள் திட்டவில்லை.

"பத்து வருசமா இங்கதாங்க்கா கீறோம். ஒரு தபா எங்க ஊட்டாண்ட வந்து மடியேந்துனீங்களா? உங்களுக்கே நாங்க ஊர்க்காரங்களா தெரியல. அவுருக்கு எப்பிடித் தெரியும்?"

அடுத்த ஆடியில் அவள் வாசலில்தான் முதலில் மடியேந்தினோம். உழக்கு நிறையக் கேழ்வரகு போட்டாள். ஒரு குடிசை பாக்கியில்லாமல் எல்லாரும் போட்டார்கள். மறுபடி மனு, மறுபடி பஸ், மறுபடி அதே பெஞ்ச். இந்த முறை இவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள் என்று ஊரே கையெழுத்துப் போட்டது.

கார்டு வர இன்னும் இரண்டு வருஷம் ஆனது. கோயில் வாசலில் வைத்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கொடுத்தார்கள். அவள் பெயரையும் கூப்பிட்டார்கள். தாக்குப்பிடிக்க முடியாமல் அதற்கு நாலு மாதம் முன்பே பிள்ளைகளோடு எங்கோ பிழைக்கப் போயிருந்தாள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

இன்றும் அன்னதானத்தில் கரண்டியைப் பிடிக்கும்போதெல்லாம், அன்று அந்த அதிகாரியிடம் வேறு பதில் சொல்லியிருந்தால் அவள் கையில் கார்டு சேர்ந்திருக்குமே என்று நினைத்துக்கொண்டேதான் ஊற்றுகிறேன்.