கொழும்பைவிடக் கிட்டத்தில் இருந்த ரியாத்

கூட்டாத வீட்டுக்கென்று ஒரு மணம் உண்டு. முதல்நாள் வெட்டிய மீனின் செதிலும், அடுப்புச் சாம்பலும், வளவில் விழுந்து காய்கிற மாவிலையும் கலந்த அந்த மணத்தோடுதான், அம்மா சவூதிக்கு வீட்டுவேலைக்குப் போன நாள் எனக்குள் இன்னும் கிடக்கிறது. பயணம் போனவர் போய்ச் சேருமுன் வீட்டைக் கூட்டினால் அவர் திரும்பமாட்டார் என்பது சித்தாண்டியில் எங்கள் வீட்டு நம்பிக்கை. அம்மாவின் அக்காவான பெரியம்மா, "ஆள் போய்ச் சேருமட்டும் ஒருத்தரும் விளக்குமாத்தத் தொடப்படா" என்று எங்களை வெருட்டி வைத்திருந்தார்.

விமானம் காலை பத்து மணிக்குக் கட்டுநாயக்காவில் கிளம்பி, பன்னிரண்டரைக்கு ரியாத்தில் இறங்கும் என்று ஏஜென்சிக்காரர் சொல்லியிருந்தார். இரண்டரை மணித்தியாலம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. கொழும்புக்கென்றால் ஒரு பகல் முழுக்கப் பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டு போகவேண்டும். ரியாத் அதைவிடக் கிட்டத்தானே, தங்கச்சிக்குக் காய்ச்சல் என்றால் அம்மா பகல்சோற்றுக்குள் வந்துவிடுவார் என்று பள்ளிக்கூடமெல்லாம் பெருமையடித்துத் திரிந்தேன்.

எங்கள் சுவர் மணிக்கூட்டில் பன்னிரண்டரை ஆனதும் பெரியம்மா சாமியைக் கும்பிட்டுவிட்டு, வீட்டையும் வளவையும் பளிச்சென்று கூட்டினார். பின்னேரம் நாலு மணி போல, சந்திக் கடைத் தொலைபேசிக்கு அம்மாவின் அழைப்பு வந்தது. "இப்பதான் இறங்கி வெளியால வந்தன். புள்ளையள் சாப்பிட்டதுகளா?" அங்கே மணிக்கூடு எங்களுக்குப் பிந்தித்தான் ஓடும், விமானம் பறப்பது ஐந்து மணித்தியாலம் என்று கடைக்காரர் விளக்கினார். பெரியம்மா கடைவாசலிலேயே குந்திவிட்டார். "அவள் நடுக்கடலுக்கு மேல நிக்கக்குள்ள நான் கூட்டிட்டனே!"

ஒன்றரை வருடம் போல அம்மா பேசினார். பிறகு பேச்சு நின்றது. வேலை வீட்டை மாற்றிக்கொண்டு போய்விட்டார் என்றார் ஏஜென்சிக்காரர். அப்பா புளியந்தீவில் இருந்த அரசாங்கக் கந்தோர்களுக்கு அலைந்தலைந்து ஓய்ந்தார். அம்மாவும் வரவில்லை, அம்மாவின் உடலும் வரவில்லை. ஒரு பெண்ணை விழுங்கிய நாட்டையோ, கைவிரித்த மனிதர்களையோ ஏசாமல், சாகும்வரை பெரியம்மா தன்னையே ஏசிக்கொண்டிருந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

இப்போது கைபேசியில் தட்டினால் கட்டுநாயக்காவிலிருந்து ரியாத் எத்தனை கிலோமீற்றர், எவ்வளவு நேரம் என்று உடனே காட்டுகிறது. அம்மாவின் குரல்தான் எவ்வளவு முயன்றாலும் என் காதுக்கு வரமாட்டேன் என்கிறது. அன்றைக்குத் தவழ்ந்து திரிந்த தங்கச்சிக்கு அவர் முகமே நினைவில்லை. அவள்தான், விலைவாசியோடு மல்லுக்கட்ட முடியாமல், தன் இரண்டு பிள்ளைகளையும் என்னிடம் விட்டுவிட்டு, அடுத்த கிழமை அதே ஊருக்கு அதே வேலைக்குப் போகிறாள். அழுது பார்த்தேன், ஏசிப் பார்த்தேன், கேட்கவில்லை.

நேற்று அவளுடைய மூத்தவள் முகமெல்லாம் சிரிப்பாக என்னிடம் ஓடிவந்தாள். "பெரியம்மா, ரியாத் கிட்டத்தானாம். அஞ்சு மணித்தியாலந்தானாம்."

"ஓம் புள்ள, கிட்டத்தான்" என்றேன்.