தானே மறுபடி ஓடும் மோட்டார்

பம்பாய்ச் செம்பூரில் நான் வேலை பார்த்த கம்பெனி முதலாளிக்குத் தன்னைப் பற்றி இருந்த பெருமையில் கால்வாசி அறிவுகூட மின்சாரத்தைப் பற்றிக் கிடையாது. மாட்டுங்கா சபாவில் முன்வரிசையில் உட்கார்ந்து தப்பாகத் தாளம் போடுவார். பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் தாளத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது போல ஒரு பார்வை வேறு. எண்பதுகளின் நடுவில், டி.சி. மோட்டார்களுக்கு அவர் விற்ற கன்ட்ரோல் பெட்டிகளைச் சோதித்து அனுப்புவது என் வேலை.

அந்தப் பெட்டி செய்ததை யாருக்கும் விளக்கிவிடலாம், அவரைத் தவிர. மோட்டார் எதிலாவது சிக்கி நின்றுவிட்டால் கரண்டை அளவில்லாமல் இழுக்கும், உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் கருகிவிடும். பெட்டி அதை ஒரு அளவுக்கு மேல் இழுக்க விடாது. அப்படியும் சிக்கல் விலகாவிட்டால் மோட்டாரை அடியோடு நிறுத்திச் சிவப்பு விளக்கைப் போடும். யாராவது வந்து பார்த்து, பொத்தானை அழுத்தினால்தான் மறுபடி ஓடும்.

வாஷியில் ஒரு வாடிக்கையாளர், பெட்டி அடிக்கடி நின்றுபோகிறது என்று போனில் சலித்துக்கொண்டார். ஏன் சிக்குகிறது என்று போய்ப் பார்க்க முதலாளிக்குத் தோன்றவில்லை. பொத்தானே வேண்டாம், நின்றால் சில நொடிகளில் தானே ஓடட்டும் என்றார். சிக்கியதை எடுக்க ஒரு ஆள் கையை விட்டிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"ஸ்விட்சை அணைச்சுட்டுக் கை வைக்கத் தெரியாதவன் மெஷினே வாங்கப்படாதும்மா," என்றார்.

என்னால் முடியாது என்றேன். அவரே கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து ஒரு டைமரை ஒட்டவைத்தார். அவர் தன் கையால் செய்து நான் பார்த்த ஒரே வேலை அது. 'தானே சரியாகும்' என்று விளம்பரத் தாளும் அச்சாகி வந்தது.

தாராவியில் தோல் பட்டறை வைத்திருந்த ஒரு பாய், தென்காசிப் பக்கத்துக்காரர், அதை வாங்கினார். ஒருநாள் உருளைகளுக்கு நடுவே தோல் மடிந்து சிக்கியது. எந்திரம் நின்றது. அவர் கையை விட்டுத் தோலை இழுத்தார். மடிப்பு விலகிய கணத்தில் பெட்டி விளம்பரத்தில் சொன்னபடியே நடந்துகொண்டது. வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

ஆஸ்பத்திரிக்கு முதலாளி ஆப்பிளோடு வந்தார். என்னையும் கூட்டி வந்திருந்தார். தாராவியில் வோல்டேஜ் எப்படி ஏறி இறங்குகிறது என்று கட்டிலருகே நின்று பிரசங்கம் செய்தார். பாய் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மெஷினு நின்னுட்டுன்னுதான் கைய விட்டேன். நின்னது தானா ஓடும்னு ஒங்க ஆளுவ ஒருத்தரும் சொல்லலியே," என்றார் கடைசியில்.

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அன்று சாயங்காலம் அவருக்குக் கச்சேரி இருந்தது.

மறுநாளே வேலையை விட்டேன். அடுத்த ஞாயிறு பாயின் பட்டறைக்குப் போய் டைமரைப் பிய்த்துவிட்டுப் பொத்தானை வைத்தேன். அவர் கட்டுப் போட்ட கையோடு நின்று, உருளைக்குள் மரத்துண்டைச் செருகச் சொல்லிப் பார்த்தார். எந்திரம் நின்றது. துண்டை எடுத்த பிறகும் ஓடவில்லை. தானே ஓடும் பெட்டியின் ஆபத்தைப் பக்கத்துப் பட்டறைகளுக்கும் அவரே ஆள் விட்டுச் சொன்னார். பெட்டிகள் ஒவ்வொன்றாகச் செம்பூருக்குத் திரும்பிப் போயின.

வேறு வழியில்லாமல் முதலாளி பொத்தானைத் திரும்ப வைத்தார். அதைத் தன் புதிய கண்டுபிடிப்பு என்று சொல்லி விற்றார். வியாபாரிகள் சங்கம் ஒன்று அதற்காக அவருக்குச் சால்வை போர்த்தியதாகக் கேள்விப்பட்டேன். பிறகு ஒரு கல்யாணப் பந்தியில் என் எதிர் இலையில் வந்து உட்கார்ந்து, சௌக்கியமா என்று விசாரித்தார். நான் ரசம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.